ஆவணம் யாருடையது? கோதிக் செவ்வியல் புனைவுகளின் பால்புதுமை மறுகூறல்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலக் கோதிக் புனைவுகள் பலவும் கடிதம், நாட்குறிப்பு, மருத்துவக் குறிப்பு, வாக்குமூலம் ஆகிய ஆவணங்களின் தொகுப்பாக அமைந்தவை. 20ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இப்புனைவுகளைப் பால்புதுமை நோக்கில் மீண்டும் எழுதும் முயற்சிகள் பெருகியுள்ளன. மூலத்தில் இல்லாத தன்பால் ஈர்ப்பைப் புதிதாகச் சேர்ப்பதே இம்மறுகூறல்களின் பணி என்று கருதப்படுவதுண்டு. ஆனால், அவை செய்யும் முதன்மையான மாற்றம் கதைப்பொருளில் அன்று, கதையைப் பதிவுசெய்து பாதுகாக்கும் உரிமையில் நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. ‘கார்மில்லா’, ‘டிராகுலா’, ‘ஃபிராங்கென்ஸ்டைன்’, ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ ஆகிய மூலங்களும் அவற்றின் மறுகூறல்களும் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: கோதிக் புனைவு, பால்புதுமை, மறுகூறல், சட்டகக் கதை, ஆவணம், கார்மில்லா, பிரதிப்பெயர்.

முன்னுரை

ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’ கோதிக் புனைவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நூலின் முதற்பதிப்பு வால்போலின் பெயரைத் தாங்கி வரவில்லை. பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்ற பாவனையிலேயே அது வெளிவந்தது. இரண்டாம் பதிப்பிலேயே வால்போல் தம் ஆசிரியத்துவத்தை ஏற்றார். ஆக, தோன்றிய நாளிலேயே கோதிக் புனைவு ஒரு போலி ஆவணமாகத் தோன்றியது எனலாம். அச்சமூட்டும் நிகழ்வு எதுவாயினும், அதை யார் கண்டார், யார் எழுதினார், எழுதியது யார் கைக்குச் சென்றது ஆகிய வினாக்கள் இவ்வகைமையில் கதைக்கு வெளியே நிற்பவை அல்ல. அவையே கதையின் உறுப்புகள்.

இவ்வகைமையைப் பால்சார் ஆய்வுக்கு உட்படுத்திய அறிஞர்களுள் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்ஜ்விக் முன்னோடி. அவரது ‘பிட்வீன் மென்’ (1985), ஆண்களுக்கு இடையிலான பிணைப்பும் அச்சமும் கோதிக் கதைகளில் பின்னிக் கிடப்பதைக் காட்டியது. டெர்ரி காஸில் ‘தி அபாரிஷனல் லெஸ்பியன்’ (1993) நூலில், பெண்ணை விரும்பும் பெண் மேலை இலக்கியத்தில் ஆவியுருவாகவே காட்டப்பட்டு மறைக்கப்பட்டதை எடுத்துரைத்தார். ஜார்ஜ் ஹாகர்ட்டியின் ‘குயர் கோதிக்’ (2006) இவ்விரு போக்குகளையும் விரித்தது. இவ்வாய்வுகள் மூலங்களில் மறைந்திருந்த விழைவை வெளிக்கொணர்ந்தன. மறுகூறல்கள் அவ்விழைவுக்கு உரியவர்களிடம் எழுதுகோலை ஒப்படைக்கின்றன. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

‘குயர்’ என்பதற்குப் ‘பால்புதுமை’ என்னும் வழக்கும், ‘டிரான்ஸ்ஜெண்டர்’ என்பதற்குத் ‘திருநர்’ என்னும் வழக்கும் இங்குக் கையாளப்படுகின்றன. ஒரு மூலத்தின் கதைமாந்தர், களம், நிகழ்வு ஆகியவற்றை அடையாளம் காணத்தக்க வகையில் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதப்படும் படைப்பு ‘மறுகூறல்’ எனப்படுகிறது.

சட்டமும் மௌனமும்

கோதிக் புனைவு ஆவண வடிவத்தைப் பற்றிக்கொண்ட காலத்தின் சட்டச் சூழல் கருதத்தக்கது. இங்கிலாந்தில் ஆண்களுக்கு இடையிலான உடலுறவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை 1861இல்தான் நீக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட லபூஷேர் திருத்தம், ஆண்களுக்கு இடையிலான எந்த நெருக்கத்தையும் ‘பெரும் ஒழுக்கக்கேடு’ எனத் தண்டிக்க வழிசெய்தது. இத்தகைய சூழலில் ஒரு கடிதமோ நாட்குறிப்போ குற்றச் சான்றாகிவிடும். ஆஸ்கார் வைல்டின் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ 1890இல் இதழில் வெளிவந்து, 1891இல் திருத்தங்களோடு நூலானது. 1895ஆம் ஆண்டு வழக்கில் எட்வர்ட் கார்சன் அந்நாவலை முன்வைத்தே வைல்டைக் குறுக்கு விசாரணை செய்தார். புனைவே நீதிமன்றத்தில் ஆவணமாக நின்றது.

பெண்களின் நிலை வேறு. மேற்சொன்ன சட்டங்கள் பெண்களுக்கு இடையிலான உறவைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. இம்மௌனத்தை விடுதலையாகக் கொள்ள இயலாது. சட்டம் பேசாத இடத்தில் மருத்துவமும் குடும்பமும் சமயமும் பேசின. பெண்ணின் விழைவு குற்றக் கோப்பில் இடம்பெறாமல், நோயாளிக் கோப்பில் இடம்பெற்றது. இதனைத் தெளிவாகக் காட்டும் புனைவு ‘கார்மில்லா’.

மருத்துவரின் கோப்பில் ஒரு பெண்

அயர்லாந்து எழுத்தாளர் ஜோசப் ஷெரிடன் லே ஃபனுவின் ‘கார்மில்லா’ 1871–72இல் ‘தி டார்க் புளூ’ இதழில் தொடராக வந்து, 1872இல் ‘இன் எ கிளாஸ் டார்க்லி’ தொகுப்பில் இடம்பெற்றது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வுக்கு இது 25 ஆண்டுகள் முற்பட்டது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாப் பகுதியில் தந்தையோடு தனித்த மாளிகையில் வாழும் லாரா என்னும் இளம்பெண்ணிடம், வண்டி விபத்தொன்றின் வழியாகக் கார்மில்லா விருந்தினளாக வந்து சேர்கிறாள். இருவருக்கும் இடையே நெருக்கம் வளர்கிறது. லாராவின் உடல் மெலிகிறது. கார்மில்லா என்பவள் நெடுங்காலத்துக்கு முன் இறந்த மிர்கால்லா என்னும் கார்ன்ஸ்டைன் சீமாட்டி என்பதும், இரத்தம் உறிஞ்சும் காட்டேரி என்பதும் பின்னர்த் தெரியவருகின்றன.

இக்கதையை லாராவே தன்மையிடத்தில் கூறுகிறாள். எனினும், அவளது கூற்று அவள் கையில் இல்லை. தொகுப்பில் உள்ள முன்குறிப்பின்படி, அது மருத்துவர் ஹெசீலியஸின் தாள்களுள் ஒன்று. அம்மருத்துவர் அதற்கு விரிவான குறிப்பு எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் அத்தாள்களைப் பதிப்பிப்பவர் லாராவோடு மீண்டும் தொடர்புகொள்ள விரும்புகிறார். அதற்குள் அவள் இறந்துவிட்டதை அறிகிறார். எனவே, வாசகர் முதற்பக்கத்திலேயே இறந்துபோன ஒருத்தியின் வாக்குமூலத்தை, அதன் பொருளை முன்பே முடிவுசெய்துவிட்ட ஒரு துறையின் வழியாகப் பெறுகிறார்.

கதைக்குள்ளும் இதே அமைப்பு தொடர்கிறது. லாராவைப் பரிசோதிக்கும் மருத்துவர் தம் முடிவை அவளிடம் கூறாமல் தந்தையிடம் தனித்துப் பேசுகிறார். தந்தையும் அவள் வினாக்களுக்கு விடை தர மறுக்கிறார். தன் உடலைப் பற்றிய செய்தியை இறுதியாக அறிபவள் அவளே. இவற்றினும் கூர்மையான சான்று முடிவில் உள்ளது. கார்மில்லாவின் கல்லறை திறக்கப்பட்டு, உடலில் முளை அறையப்பட்டு, தலை துண்டிக்கப்பட்டு, அனைத்தும் எரிக்கப்படும் காட்சியை லாரா நேரில் காணவில்லை. தந்தையிடம் உள்ள அரச ஆணையத்தின் அறிக்கைப் படியிலிருந்து சுருக்கியே அப்பகுதியை எழுதியதாக அவளே கூறுகிறாள். அவ்வறிக்கையில் அங்கிருந்தோர் அனைவரின் கையொப்பங்களும் உள்ளன. லாராவின் கையொப்பத்துக்கு அதில் இடமில்லை.

ஆயினும், அவ்வறிக்கைக்கு அடங்காத ஒன்றோடுதான் கதை முடிகிறது. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் கார்மில்லாவின் இரு வடிவங்களும் லாராவின் நினைவில் மாறி மாறி வருகின்றன. வரவேற்பறை வாயிலில் அவளது காலடியோசை கேட்பதுபோல் தோன்றுகிறது. அது அச்சமா, ஏக்கமா என்பதை லே ஃபனு சொல்லவில்லை. ஆணைய அறிக்கைக்கும் லாராவின் நினைவுக்கும் இடையிலான இந்த இடைவெளியே பின்வந்த மறுகூறல்களின் நுழைவாயில்.

பதிப்பாசிரியரின் இடத்தைக் கைப்பற்றுதல்

கார்மென் மரியா மச்சாடோ 2019இல் ‘கார்மில்லா’வுக்கு ஒரு பதிப்பைக் கொணர்ந்தார். லே ஃபனுவின் கதையைத் திருத்தி எழுதாமல், முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் மட்டும் அவர் சேர்த்தார். லே ஃபனுவின் கதை வெரோனிகா ஹவுஸ்லே என்னும் பெண் ஒரு மருத்துவருக்கு எழுதிய உண்மைக் கடிதங்களை எடுத்தாண்டு திரித்தது என்று முன்னுரை கூறுகிறது. அக்கடிதங்களில் அவள் காதலித்த பெண்ணின் பெயர் மார்சியா மரேன். இச்செய்திகள் முழுவதும் மச்சாடோவின் புனைவு. அதற்கான குறிப்பை அவர் பெயரிலேயே வைத்துள்ளார். லே ஃபனுவின் காட்டேரி கார்மில்லா, மிர்கால்லா, மில்லார்கா என ஒரே எழுத்துகளை இடம்மாற்றிய பெயர்களிலேயே வாழக் கட்டுப்பட்டவள். ‘மார்சியா மரேன்’ என்பதன் ரோமன் எழுத்துகளை இடம்மாற்றினால் ‘கார்மென் மரியா’ என்னும் பெயர் கிடைக்கிறது.

இம்முறையின் பொருள் ஆழமானது. 1872இல் லே ஃபனு ஒரு கற்பனைப் பதிப்பாசிரியரை நிறுத்தி லாராவின் குரலைக் கோப்புக்குள் வைத்தார். 2019இல் மச்சாடோ அதே கற்பனைப் பதிப்பாசிரியரின் நாற்காலியில் அமர்ந்து, அக்கோப்பே திருடப்பட்டது என்கிறார். கதையின் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது அதன் பொறுப்பாளர். பால்புதுமை மறுகூறல் என்பது கதைப்பொருளை மாற்றுவதே என்னும் கருத்துக்கு இப்பதிப்பு நேரடி மறுப்பாகிறது.

கனடாவில் 2014 முதல் 2016 வரை மூன்று பருவங்களாக வெளிவந்த ‘கார்மில்லா’ இணையத்தொடர் இதே மாற்றத்தை வேறு வழியில் செய்கிறது. இதில் லாரா ஹாலிஸ் இதழியல் மாணவி. காணாமற்போன அறைத்தோழியைப் பற்றித் தன் கேமராவின் முன் அமர்ந்து நாள்தோறும் பதிவிடுகிறாள். புதிதாக வந்துசேரும் அறைத்தோழி கார்மில்லா. மூலத்தில் லாராவின் சொற்கள் அவள் இறப்புக்குப் பின் பிறரால் வெளியிடப்படுகின்றன. இங்கு நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவளே வெளியிடுகிறாள். இருவருக்கும் இடையே காதல் மலர்வதை மட்டும் நோக்கினால் இத்தொடர் எளிய காதற்கதையாகத் தோன்றும். கேமரா யார் மேசையில் உள்ளது என்பதை நோக்கினால் அது மூலத்தின் சட்டகத்துக்கு நேர் எதிரானது என்பது புலப்படும்.

பெயர் மறுத்தல்: டிராகுலாவின் துணைவி

‘டிராகுலா’ (1897) முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு ஆகியவற்றால் ஆனது. காட்டேரியை வேட்டையாடுவோரே இவற்றுள் பெரும்பாலானவற்றின் ஆசிரியர்கள். மினா ஹார்க்கர் அவற்றைத் தட்டச்சு செய்து கால வரிசைப்படுத்துகிறாள். டிராகுலாவுக்கு நாட்குறிப்பு இல்லை. கோட்டையில் அவனோடு வாழும் மூன்று பெண்களுக்குப் பெயரும் இல்லை. நாவலின் இறுதிக் குறிப்பில், தங்களிடம் எஞ்சியவை தட்டச்சுப் படிகளே, மூல ஆவணம் ஏறத்தாழ எதுவும் இல்லை என்று ஜோனதன் ஹார்க்கர் ஒப்புக்கொள்கிறார். தன் சான்றுகளின் வலுவின்மையைத் தானே அறிவிக்கும் நூல் இது.

எஸ். டி. கிப்சனின் ‘எ டவுரி ஆஃப் பிளட்’ (2021) அப்பெயரற்ற பெண்களின் இடத்திலிருந்து தொடங்குகிறது. கான்ஸ்டன்டா என்பவள் தன்னைக் காட்டேரியாக்கியவனுக்கு, அவனைக் கொன்ற பின் எழுதும் நீண்ட கடிதமாக நாவல் அமைகிறது. அவளுக்குப் பின் மக்தலீனா என்னும் பெண்ணும் அலெக்ஸி என்னும் இளைஞனும் அவனுடைய துணைகளாகின்றனர். இவர்கள் தமக்குள்ளும் அன்பு கொள்கின்றனர். அவர்களை விடுவிப்பதும் அந்த அன்பே. நாவல் முழுவதும் அவன் முன்னிலையில் விளிக்கப்படுகிறானே அன்றிப் பெயர் சொல்லப்படவில்லை. ஸ்டோக்கரிடம் பெண்களுக்கு இல்லாத பெயர் இங்கு அவனுக்கு இல்லாமற்போகிறது. ஆதிக்கத்தையும் வன்முறையையும் இந்நாவல் மூடி மறைக்கவில்லை. பால்புதுமை உறவு என்பதாலேயே அது தூயது என்றும் காட்டவில்லை. இத்தெளிவே இதன் வலிமை.

எதிரி திருத்திய சொற்கள்: ஃபிராங்கென்ஸ்டைன்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ (1818) மூவடுக்குச் சட்டகம் உடையது. வால்டன் தன் தமக்கைக்கு எழுதும் கடிதங்களுக்குள் விக்டரின் கதையும், அதற்குள் படைக்கப்பட்ட உயிரியின் கதையும் அமைகின்றன. உயிரி நாவன்மையோடு பேசுகிறது. ஆயினும், அச்சொற்கள் எவ்வழியே வருகின்றன என்பதை நாவல் நுட்பமாகப் பதிவுசெய்கிறது. வால்டன் எழுதிய குறிப்புகளை விக்டர் வாங்கிப் பார்த்துப் பல இடங்களில் திருத்துகிறான். சிறப்பாகத் தன் எதிரியோடு நிகழ்த்திய உரையாடல்களுக்கே அவன் உயிரூட்டுகிறான். அதாவது, உயிரியின் குரல் அதன் எதிரியால் செப்பம் செய்யப்பட்டே வாசகரை அடைகிறது. உயிரியோ தான் உருவாக்கப்பட்ட விதத்தை, விக்டரின் ஆடைப்பையில் கிடைத்த குறிப்பேட்டைப் படித்து அறிகிறது. அதன் பிறப்பும் பிறர் எழுதிய ஆவணமே.

திருநர் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான சூசன் ஸ்ட்ரைக்கர், 1994இல் ‘ஜி.எல்.கியூ.’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுயிரியின் இடத்திலிருந்து விக்டரை நோக்கிப் பேசினார். மேரி டேலி ‘கைன்/ஈகாலஜி’ (1978) நூலில் திருநங்கையரை ஃபிராங்கென்ஸ்டைன் கதையோடு இணைத்து இழித்துரைத்திருந்தார். ஸ்ட்ரைக்கர் அவ்வொப்புமையை மறுக்கவில்லை. அறுவை மருத்துவம் உருவாக்கிய உடல் தன்னுடையது என்று ஏற்று, படைத்தவரின் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட தன்னறிவு அவ்வுடலுக்கு உண்டு என்று வாதிட்டார். வசைச்சொல் சான்றுரையாக மாறியது.

ஜெனெட் வின்டர்சனின் ‘ஃபிராங்கிஸ்ஸ்டைன்’ (2019) இருவேறு காலங்களில் இயங்குகிறது. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லியும், இக்காலத்தில் ரை ஷெல்லி என்னும் திருநர் மருத்துவரும் கதை கூறுகின்றனர். செயற்கை அறிவை ஆராயும் விக்டர் ஸ்டைன் ரையைக் காதலிக்கிறார். ரை தன்மையிடத்தில் பேசினாலும், உடலைக் கடந்த எதிர்காலம் என்னும் விக்டரின் கொள்கைக்கு ரையின் உடல் ஓர் எடுத்துக்காட்டாகவே பல இடங்களில் பயன்படுகிறது. கதைசொல்லும் உரிமை கிடைத்த பின்னரும் உருவகமாக்கப்படும் இடர் நீங்குவதில்லை என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. இவ்வகையில் ஸ்ட்ரைக்கரின் சுருக்கமான கட்டுரை வின்டர்சனின் நாவலினும் தொலைவு சென்றது எனலாம்.

பிரதிப்பெயரும் இலக்கணமும்: அஷர் மாளிகை

எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ (1839) ரோடரிக் அஷரின் இளமைக்கால நண்பர் கூறும் கதை. ரோடரிக்கின் உடன்பிறந்தாள் மேடலின் இதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உயிரோடு அடக்கம் செய்யப்பட்டு மீண்டு வரும்போதும் அவள் பேசுவதில்லை. டி. கிங்ஃபிஷரின் ‘வாட் மூவ்ஸ் தி டெட்’ (2022) இந்நண்பரை அலெக்ஸ் ஈஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற படைவீரராக்குகிறது. ஈஸ்டனின் நாடு காலேசியா, கற்பனை நாடு. அந்நாட்டு மொழியில் ஆண், பெண் பிரதிப்பெயர்களோடு குழந்தைக்கும் இறைவனுக்கும் தனிப் பிரதிப்பெயர்கள் உள்ளன. படைவீரருக்கு உரியது ‘கா’. படையில் சேர்ந்தவர் ஆண், பெண் என்னும் பகுப்பிலிருந்து விலகி ‘கா’ ஆகிறார். மாளிகையின் நோய்க்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சை என்று இக்கதை விளக்குகிறது. மேடலினும் இங்கு வாய் திறக்கிறாள்.

இந்நாவல் தமிழ் ஆய்வாளருக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு சிக்கலை எழுப்புகிறது. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ஆகவே, ஈஸ்டன் தம்மைப் பற்றிக் கூறுபவை தடையின்றித் தமிழாகும். பிறர் அவரைக் குறிக்கும்போதே இடர் எழும். ‘அவர்’ என்பது பால் காட்டாது. ஆனால், அது யாவர்க்கும் உரிய மரியாதைச் சொல். ‘கா’ என்பதில் உள்ள தனித்த நிலையை அது உணர்த்தாது. ‘கா’ என்றே ஆண்டால் வினைமுற்றின் ஈறு எதுவாக வேண்டும் என்னும் வினா நிற்கும்.

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், ஆண்மை திரிந்த பெயரையும் தெய்வப் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, அவற்றுக்குத் தமக்கென ஈற்றெழுத்து இல்லை, உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்கிறது. இவ்வகையினரை இலக்கணம் அஃறிணைக்குத் தள்ளவில்லை. தனி ஈறும் தரவில்லை. தெய்வத்துக்குத் தனிச்சொல் வைத்த கற்பனை மொழியொன்றின் நாவலைத் தமிழாக்குவோர் இந்நூற்பாவை எண்ணாமல் கடத்தல் அரிது.

எழுதப்படாதோர்

மறுகூறல்கள் ஆவணத்தை மீட்கின்றன என்றால், யாருடைய ஆவணத்தை என்னும் வினாவும் எழ வேண்டும். ‘கார்மில்லா’வில் முதலில் இறப்போர் பன்றி மேய்ப்பவனின் இளம் மனைவியும் வனக்காவலரின் மகளும் ஆவர். அவர்களின் இறப்பு வழிப்பேச்சாகவே வருகிறது. வனக்காவலரின் மகளின் இறுதி ஊர்வலத்தைக் கண்டு கார்மில்லா எரிச்சலடைகிறாள். லாராவுக்கும் கார்மில்லாவுக்கும் இடையிலான காதலை மீட்கும் மறுகூறல்களில் இந்த ஏழைப் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிது. காட்டேரியை அன்புக்குரியவளாக்கும்போது அவள் உண்டு வாழ்ந்த உயிர்களின் கணக்கு மறைந்துவிடுகிறது.

இதற்கு விடையாக அமைவது, தனியொரு மூலத்தின் மறுகூறலாக இல்லாமல் காட்டேரிக் கதைமரபு முழுவதையும் மறுஎழுத்துக்கு உட்படுத்தும் ஜுவெல் கோமஸின் ‘தி கில்டா ஸ்டோரீஸ்’ (1991). 1850இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி லூயிசியானாவில் ஒளிந்திருக்கும் கறுப்பினச் சிறுமியோடு நாவல் தொடங்கி 2050இல் முடிகிறது. தொடக்கத்தில் ‘சிறுமி’ என்றே சுட்டப்படுபவள், தன்னைக் காத்த பெண்ணின் பெயரான கில்டாவை ஏற்கிறாள். இவ்வகைக் காட்டேரிகள் குருதியைக் கொலையின்றிப் பெறுகின்றனர். அதற்கு ஈடாக, உறங்குவோர்க்கு அவர் விரும்பும் கனவொன்றை விட்டுச் செல்கின்றனர். உடைமையாக எழுதப்பட்ட ஓர் உடல் 200 ஆண்டுகள் தன் கதைக்குத் தானே உரிமையாளராகிறது. வேட்டையாடப்பட்டவளே காட்டேரியாவதால், பலியின் கணக்கும் மறக்கப்படுவதில்லை.

முடிவுரை

கோதிக் மூலங்களில் பால்புதுமை விழைவு இல்லை என்பதற்கு இடமில்லை. அது மருத்துவர், வேட்டையர், படைப்பாளி ஆகியோரின் ஆவணங்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. லாரா ஆணைய அறிக்கையைச் சுருக்கி எழுதுவதும், உயிரியின் பேச்சை விக்டர் திருத்துவதும், டிராகுலாவின் துணைவியர் பெயரின்றி இருப்பதும் இதனை உறுதிசெய்கின்றன. மச்சாடோ பதிப்பாசிரியராகவும், ஸ்ட்ரைக்கர் உயிரியாகவும், கிப்சனின் கான்ஸ்டன்டா கடிதம் எழுதுபவளாகவும் நின்று அவ்வாவணங்களின் பொறுப்பை ஏற்றுள்ளனர். எனவே, இம்மறுகூறல்களை மதிப்பிடும்போது காதல் நிறைவேறியதா என்பதைக் காட்டிலும், பதிவு யாரிடம் உள்ளது, அப்பதிவில் யார் விடுபட்டனர் என்னும் வினாக்களே பயன் தருவன. இவற்றுள் இரண்டாம் வினாவுக்குக் கோமஸ் தவிர்த்த பிற படைப்புகள் முழுமையான விடை தரவில்லை. பன்றி மேய்ப்பவனின் மனைவிக்கு மூலத்திலும் பெயரில்லை, இங்கு ஆராயப்பட்ட மறுகூறல்களிலும் தனிக்குரல் இல்லை. இனிவரும் மறுகூறல்களும் அவற்றின் ஆய்வுகளும் தொடங்கத்தக்க இடம் அதுவே.